வேலிக்குள் பதினோராயிரம்

கேள்வி: அமெரிக்காவின் டெக்ஸஸ் பண்ணைகளில் காசு வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்க மான்களைச் சுட விடுகிறார்கள். கேட்டால், 'நாங்கள் இல்லாவிட்டால் இந்த இனமே அழிந்திருக்கும்' என்கிறார்களாம். கொலைகாரனே காவல்காரனா?
– வாசகர், மதுரை

பதில்: வசனம் பிரமாதம். கணக்குதான் முழுசாக உங்கள் பக்கம் இல்லை.

வளைகொம்பு ஓரிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சஹாராவின் ஓரங்களில் வாழ்ந்த வெள்ளை இரலை. 2000-இல் அது காட்டில் அற்றுப்போனதாகச் சர்வதேசப் பட்டியலில் ஏறியது. டெக்ஸஸில் 2010-இல் பண்ணைக்காரர்கள் சங்கம் சொன்ன கணக்கு 11,000-க்கு மேல். வளர்த்தது வேட்டைக் காசு. ஒரு கிடாவைச் சுடச் சில ஆயிரம் டாலர். ஒரு கிடா பல பெட்டைகளுக்குப் போதும். மிஞ்சுகிற கிழட்டுக் கிடாவை விற்றால் மந்தை குறையாது, எட்டடி வேலிக்கும் வறட்சிக்காலத் தீவனத்துக்கும் வழி பிறக்கும்.

காசு நின்றால்? அதையும் பார்த்தாயிற்று. 2005-இல் அமெரிக்க அரசு ஓரிக்ஸையும் அடாக்ஸ், டாமா கெஸல் என்ற வேறு இரு ஆப்பிரிக்க மானினங்களையும் அழிவபாயப் பட்டியலில் சேர்த்து, பண்ணை விலங்குகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2009-இல் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. 2012 ஏப்ரல் முதல் அனுமதி வாங்காமல் சுட முடியாது என்றானதும், பலர் மந்தையைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 2014-இல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு ஒட்டவைத்து விலக்கைத் திருப்பித் தந்தார்கள்.

இதுவரை பண்ணைக்காரர் பேச்சு சரிதான். 'இனத்தையே காப்பாற்றினோம்' என்னும்போதுதான் இடிக்கிறது. கூண்டிலும் வேலியிலும் உள்ள ஓரிக்ஸ்களில் பெரும்பாலானவை 1960-களில் சாட் நாட்டில் பிடித்த சில பத்து விலங்குகளின் வாரிசுகள். இவ்வளவு குறுகிய வேரில் வந்த மந்தைக்கு, எந்தக் குட்டி எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்ற பதிவேடு அவசியம். உயிரியல் பூங்காக்கள் அதை எழுதி வைக்கின்றன. பண்ணையில் மந்தையாக மேய்ந்து மந்தையாகச் சேர்ந்தால் அப்பன் யாரென்று யாருக்குத் தெரியும்? கிடாவை வெளியிலிருந்து மாற்றாவிட்டால் சொந்தத்துக்குள்ளேயே இணைந்து குட்டிகள் நோஞ்சானாகும். நீளக் கொம்புக்கு விலை கூடுதல் என்பதால் கொம்பைப் பார்த்தே கிடாவைத் தேர்வார்கள். பாலையில் பிழைக்க அது உதவாது. ஒரே வேலிக்குள் அரேபிய ஓரிக்ஸையும் விட்டால் கலப்புக் குட்டி பிறக்கும். அதை எந்தக் காட்டுக்கும் அனுப்ப முடியாது. போதாததற்கு 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்ஸஸின் வெளிநாட்டு விலங்குகள் ஏராளமாக மடிந்தன.

காட்டுக்குத் திரும்பிய கதை வேறு. 2016 முதல் சாட் நாட்டின் வாதி ரிமே – வாதி அஷிம் சரணாலயத்தில் ஓரிக்ஸை விட்டு வருகிறார்கள். பல நாட்டுச் சேகரிப்புகளிலிருந்து மரபுவழி பார்த்து அபுதாபியில் திரட்டிய மந்தை அது. முதலில் அடைப்பில் வைத்துப் பழக்கி, கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை மாட்டி, மழையில் புல் தலைகாட்டியபின் திறந்துவிட்டார்கள். 2023-இல் 'காட்டில் அற்றது' என்ற முத்திரை நீங்கியது.

ஆக, பண்ணைக்காரர் விதைநெல்லைக் குதிரில் வைத்திருப்பவர். அந்தப் பெருமை போதும் அவருக்கு. குதிரிலிருந்து விதை வெளியே போனதும் உண்டு: பாகிஸ்தானில் அற்றுப்போன வெளிமானை மீட்க 1970-இல் அங்குள்ள லால் சுஹான்ரா பூங்காவுக்கு டெக்ஸஸ் பண்ணை மான்கள்தான் போயின. ஆனால் அப்படி அனுப்பியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டவில்லை. 2012-இன் அனுமதி முறையில் வேட்டை வருமானத்தில் ஒரு பங்கு விலங்கின் தாய்நாட்டுப் பாதுகாப்புக்குப் போயாக வேண்டும் என்றாவது இருந்தது. விலக்கு திரும்பியதும் அதுவும் அவரவர் விருப்பம் ஆயிற்று.