தீர்ப்பு வராமல் தடை கேட்கலாமா?

அன்புள்ள ஐயா,

போர்க்குற்றம் சாட்டப்பட்ட இலங்கைத் தலைவர்களையும் தளபதிகளையும் மலேசியாவுக்குள் விடக்கூடாது என்று உள்துறை அமைச்சுக்கு மகஜர் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். கோயில் மண்டபத்தில் கையெழுத்து வாங்கியபோது நானும் நின்றேன், போடவில்லை. போர்க்கால அதிபர் மகிந்த ராஜபக்சேவைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லையே? தீர்ப்பு வருமுன் தண்டனை கேட்பது சரியா? நம் தோட்டத்திலேயே குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் பாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு மகஜர் கொடுத்திருக்கலாம். அதோடு, தோட்டத்து ஊர்க்காரர்கள் சொல்லி அரசாங்கம் கேட்கப் போகிறதா?

ஒரு வாசகர், பத்தாங் காலி

அன்புள்ள தம்பி,

பாட்டிகளைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அந்த மகஜரை நீங்கள் எழுதுங்கள், நான் கூட வருகிறேன். ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்த வேண்டியதில்லை.

தண்டனை என்கிறீர்கள். யாரையும் சிறையில் போடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. விருந்தாளியாக அழைக்காதே என்கிறோம், அவ்வளவுதான். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நம்பத்தகுந்த தகவலை வைத்து ஒருவர் விரும்பத்தகாதவர் என்று அமைச்சர் கருதினாலே போதும், நுழைவை மறுக்கலாம். தீர்ப்பு நகல் தேவையில்லை. வேலைக்கு வரும் வங்காளதேசப் பையனின் பெர்மிட்டில் ஒரு தாள் குறைந்தால் அவனைத் திருப்பி அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு, இது தெரியாததா?

நம்பத்தகுந்த தகவலுக்கும் பஞ்சமில்லை. ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் கொடுத்த அறிக்கை, போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஷெல் அடித்ததையும் மருத்துவமனைகளைத் தாக்கியதையும் அது பதிவு செய்தது. புலிகள் மக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்திருந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு ஏன் தீர்ப்பு வரவில்லை? வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைக்கு 2015-இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் ஒப்புக்கொண்ட இலங்கை, 2020-இல் அந்தத் தீர்மானத்திலிருந்து விலகிக்கொண்டது. அப்போது அதிபர் யார்? போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபய ராஜபக்சே. விசாரணையே நடக்கவிடாமல் செய்துவிட்டுத் தீர்ப்பு எங்கே என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நாம் ஏன் மரியாதை கொடுக்க வேண்டும்?

நீங்கள் பத்தாங் காலிக்காரர், உங்களுக்கு நான் வேறு உதாரணம் தேட வேண்டாம். 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே ரப்பர் தோட்டத்துக் கோங்சியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், ஆண்களைத் தனியே பிரித்து நிறுத்திச் சுட்டது. 24 சீனத் தொழிலாளர்கள். கோங்சியையும் கொளுத்தினார்கள். தப்பியோட முயன்ற கம்யூனிஸ்டுகள் என்று கதை கட்டினார்கள். 1970-இல் சுட்ட சிப்பாய்களில் சிலரே உண்மையைச் சொன்ன பிறகும் போலீஸ் விசாரணை பாதியில் கைவிடப்பட்டது. குடும்பங்கள் லண்டன் வரை போயின. காலம் கடந்துவிட்டது, இனி பொது விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தவர்களின் நிலை அது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு 2017 முதல் போராடும் கிளிநொச்சித் தாய்மாருக்கும் அதே கதி வரக்கூடாது என்றுதான் எனக்குப் பதைக்கிறது.

அரசாங்கம் கேட்குமா என்கிறீர்கள். இஸ்ரேலிய நீச்சல் வீரர்களை விடமாட்டோம் என்று 2019-இல் உலகப் போட்டி நடத்தும் உரிமையையே இழந்த அரசாங்கம் இது. அதே நாடுதான் 2011-இல், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை நிலுவையில் இருந்த சூடான் அதிபர் பஷீரைப் புத்ராஜெயாவுக்கு அழைத்தது. எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் அவர் வரவில்லை. 2016-இல் மகிந்த ராஜபக்சே கோலாலம்பூருக்கு வந்தபோது நம் மக்கள் தெருவில் நின்றார்கள். அந்த நாள்களில் விமான நிலையத்தில் இலங்கைத் தூதரை அடித்தது பெருந்தவறு, நம் நியாயத்தைத்தான் அது குலைத்தது. கேட்க வேண்டியதை வருகைக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

மற்ற நாடுகள் செய்துவிட்டன. ராஜபக்சே சகோதரர்கள் இருவருக்கும் கனடா 2023-இல் தடை போட்டது. அப்போதைய இலங்கை ராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா 2020-இல் கதவடைத்தது. பிரிட்டன் 2025-இல் தடை விதித்த நால்வரில் முன்னாள் புலித் தளபதி கருணாவும் ஒருவர். அவர் தமிழர். எங்கள் மகஜரிலும் இனம் பார்க்கவில்லை. ஐ.நா. விசாரணையிலோ அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றப் பிடியாணையிலோ பெயர் வந்த எவரும் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறோம். அந்த நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் 2019 மார்ச்சில் சேர்ந்து அடுத்த மாதமே விலகியதால், அதில் மலேசியா மறுபடியும் சேர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு தாள் மண்டபத்தில் இருக்கும். எந்த வரியாவது உறுத்தினால் பேனாவோடு வாருங்கள், உட்கார்ந்து திருத்துவோம். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.