மைலேஜுக்காக இன்னொரு கடனா?

கேள்வி: என்னுடையது டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய, வேகமான கார். மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறது. பாதிக்கு மேல் அலுவலகம் போய்வரும் 7 கிலோமீட்டர் பயணங்கள். லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. டீசல் கார் 18 தரும் என்கிறார்கள். இந்தக் காரின் கடனில் 2 வருடம் பாக்கி. காரை மைத்துனர் எடுத்துக்கொள்கிறார், பணம் பிறகு தருவார். பாக்கிக் கடனைப் புதிய கடனோடு சேர்த்து 7 வருடத் தவணையாக்கித் தருவதாக ஷோரூமில் சொல்கிறார்கள். முதல் காரையும் இப்படித்தான் அவருக்குக் கொடுத்து மாற்றினேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. மாற்றலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பணம் பெட்ரோல் டேங்க் வழியாக ஒழுகவில்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிகள் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் லிட்டரிலேயே கணக்கிடுவோம். டீசலும் பெட்ரோலும் ஒரே விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாதம் 60 லிட்டர் செலவு. டீசலில் 33. மிச்சம் 27 லிட்டர். நீங்கள் அனுப்பிய தாள்களின்படி இப்போதைய தவணை சுமார் 150 லிட்டர் விலைக்குச் சமம். புதிய தவணை 230. அதாவது 27ஐ மிச்சம்பிடிக்க 80ஐக் கூடுதலாகக் கட்டப்போகிறீர்கள். பேசாமல் இருந்தால் 2 வருடத்தில் தவணையே இருக்காது. மாற்றினால் அதற்குப் பிறகும் 60 மாதம், மாதம் 230. மொத்தம் 13,800 லிட்டர். இன்றைய காருக்கு 19 வருடம் பெட்ரோல் போடலாம்!

அந்த 18 கிலோமீட்டரும் உங்களுக்குக் கிடைக்காது. டீசல் எஞ்சின் சிக்கனமானதுதான்: காற்றை அதிகமாக அழுத்தி எரிக்கிறது, லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றலும் அதில் இருக்கிறது. ஆனால் 7 கிலோமீட்டரில் எஞ்சின் சூடேறுவதற்குள் அலுவலகம் வந்துவிடும். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளப் புகைபோக்கி நன்றாகச் சூடாக வேண்டும். குறுந்தூர ஓட்டத்தில் அது நடக்காமல் கரி அடைத்துக்கொள்ளும். அந்த வடிகட்டியை மாற்றும் செலவை விற்பனையாளர் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் காரின் குணம் வேறு. மென்மையாக ஓட்டினால் சின்ன எஞ்சின் போலக் குடிக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டர்போ காற்றைத் திணிக்கும், அதற்கேற்ப எரிபொருளும் போகும். அதிகச் சுமையில் சூட்டைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களும் உண்டு. 10ஐ 13 ஆக்கினால் மாதம் 46 லிட்டர் போதும். டீசல் தருவதாகச் சொன்ன மிச்சத்தில் பாதி, ஒரு கையெழுத்தும் போடாமல் கிடைத்துவிடும்.

"தவணையைக் குறைக்கிறோம், கடைசியில் ஒரு பெரிய தொகை மட்டும் கட்டுங்கள்" என்று இப்போது ஒரு திட்டம் வலம்வருகிறது. ஷோரூமில் அடுத்து அதைத்தான் நீட்டுவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மைத்துனருக்குக் கார் வேண்டுமென்றால் அவர் பெயரில் கடன் வாங்கட்டும். அந்தப் பணத்தில் உங்கள் பாக்கி முழுவதும் அடைந்து, வங்கியின் தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகு பெயரை மாற்றுங்கள். சாவி அதற்கும் பிறகு. வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். முதல் காரின் பணம் எப்போது வரும் என்று அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.