அமைச்சர் பதவிதான் சீன எழுத்தாளர் மாவ் துன்னுக்கு உலகப் புகழ் தந்ததா?

இல்லை, புகழ் முன்பே வந்துவிட்டது. ஷாங்காய் பங்குச்சந்தையில் ஒரு பட்டாலை முதலாளி வீழ்வதைச் சொல்லும் அவருடைய 'நள்ளிரவு' நாவல் 1933இல் வெளியானது; 1938இலேயே ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. 1949 முதல் 1965 வரை அவர் சீனப் பண்பாட்டு அமைச்சர். அந்தக் காலத்தில் பெய்ஜிங் அரசுப் பதிப்பகம் அவரை ஆங்கிலத்தில் பரப்பியதும் உண்மைதான்.

ஆனால் வாசகரைக் கட்டிப்போட்டது 'வசந்தகாலப் பட்டுப்புழுக்கள்' சிறுகதை என்பேன். கிழவர் தோங்பாவ் கடன்பட்டு மல்பெரி இலை வாங்குகிறார். குடும்பமே கண்விழித்துப் புழு வளர்க்கிறது. விளைச்சல் அமோகம். பட்டாலைகளோ மூடிக்கிடக்கின்றன; அக்கம்பக்கத்தில் பட்டுக்கூட்டை வாங்க ஆளில்லை, கடன்தான் ஏறுகிறது. விளைந்தும் நொடித்துப்போகும் விவசாயியை எந்த நாட்டு வாசகருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அமைச்சரான பிறகு அவர் புனைவு எழுதுவது அநேகமாக நின்றேபோனது. பெரிய இழப்பு அது.