108 டூட்டியும் இன்னொரு வேலையும்: கேள்வி பதில்

108 ஆம்புலன்ஸில் இஎம்டியாக (வண்டியில் நோயாளிக்கு முதலுதவி செய்பவர்) இருந்துகொண்டே சின்னதாக ஒரு தையல் கடையும் வைத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நான் 108 பைலட், அதாவது ஆம்புலன்ஸ் டிரைவர். 12 மணி நேர நைட் முடிந்ததும் மதியம் வரை உணவு டெலிவரி ஓட்டலாமா?

வேண்டாம் தம்பி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குச் சுதாரிப்பு குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டம் ஓட்டுநருக்கு விடும் வரம்பே 30 மில்லிகிராம்தான். மாலை நாலு மணிக்கு எழுந்தவருக்குக் காலை ஒன்பதுக்கே அந்த 17 மணி நேரம் ஆகிவிடும். வார விடுப்பில் தூங்கி எழுந்து ஓட்டுங்கள்.

ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ முடித்த இஎம்டி நான். பகல் ஷிப்ட் வாரங்களில் ஒரு நர்சிங் ஹோமில் நைட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

தூக்கத்தை விடுங்கள், முதலில் நேரத்தைப் பாருங்கள். ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கேஸ் வரும். தாலுகா ஆஸ்பத்திரியில் இறக்கினால், அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் செய்வார்கள். திரும்பி வந்து வண்டியைக் கழுவி, ஆக்சிஜன் அளவு பார்த்து, ரிலீவரிடம் ஒப்படைப்பதற்குள் ராத்திரி பத்தாகிவிடும். நர்சிங் ஹோமில் உங்களை எதிர்பார்த்து ஒரு சிஸ்டர் வீட்டுக்குப் போக முடியாமல் நிற்பார். தாமதமாகப் போனால் யாருக்கும் கஷ்டமில்லாத வேலைதான் நமக்கு ஒத்துவரும். நானே முகூர்த்தத்துக்கு ரவிக்கை தைத்துத் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆல்ட்டரேஷன் மட்டும்தான். காசு குறைவு, ஆனால் யார் வீட்டுக் கல்யாணமும் என்னால் நிற்காது.

அப்புறம், உங்கள் பணி நியமன உத்தரவை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். வேறு வேலைக்குத் தடை இருந்தால் அதில் எழுதியிருக்கும்.

நான் தீயணைப்பு வீரர். மனைவி இன்சூரன்ஸ் ஏஜென்ட். தெரிந்தவர்களிடம் பாலிசி பிடித்துக் கொடுக்கலாமா?

கூடாது சார். நீங்கள் அரசு ஊழியர். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். முன் அனுமதி வாங்காமல் வேறு வேலையோ வியாபாரமோ செய்யக் கூடாது. வீட்டம்மா தொழில் செய்யலாம், அதைத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். அவருக்காக நீங்கள் ஆள் பிடிப்பதுதான் சிக்கல். 108 ஊழியர்களுக்கு இந்த விதி கிடையாது, நாங்கள் அரசு ஊழியர்கள் இல்லை.

ஊரில் இடம் இருக்கிறது. கறவை மாடா, ஆடா?

வீட்டில் பால் கறக்க ஆள் இருந்தால் மாடு. இல்லையென்றால் ஆடு. கறவை நேரம் தவறினால் மடி கட்டிக்கொள்ளும், கேஸில் மாட்டிக்கொண்டேன் என்று மாட்டிடம் சொல்ல முடியாது.

இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கினால் பிஎஃப், வரி எப்படி?

யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண் ஒருவருக்கு ஒன்றுதான். அதன்கீழ் இரண்டு பிஎஃப் கணக்கு இருக்கலாம். வருமான வரிக்கு இரண்டு சம்பளத்தையும் கூட்டிக் காட்ட வேண்டும். வரி போடும் முன் சம்பளத்தில் கழிக்கும் நிலையான கழிவு ஒரே தடவைதான் கிடைக்கும்.