செம்பெருமீனின் (முதுமையில் ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீனின்) மையம் சுழலும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

அதன் ஒளியில் தெரியும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை வைத்துத்தான். வெளியடுக்கின் ஒலி அலைகளும் மையத்தின் மிதப்பு அலைகளும் (மிதப்பு விசையால் எழுபவை) பிணைந்து கலப்பு அலைவுகளாகின்றன. மையத்தின் சேதியை மேற்பரப்புக்குக் கொண்டுவருபவை இவையே.

சுழற்சி, ஒவ்வொரு இருமுனை அலைவையும் (விண்மீனின் ஒரு பாதி விரிய மறுபாதி சுருங்குவது) அதிர்வெண் வரைபடத்தில் மூன்று கோடுகளாகப் பிளக்கும். மையம் சார்ந்த அலைவில் அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளியை இரட்டித்தால் மையச் சுழற்சியின் அதிர்வெண் கிடைக்கும். இடைவெளி 0.4 மைக்ரோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 14.5 நாள். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் நான்காண்டுப் பதிவு 0.008 மைக்ரோஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். ஒரு மாதப் பதிவு இதற்குப் போதவே போதாது.

துருவம் நம்மை நோக்கினால் நடுக்கோடு மட்டுமே தெரியும். சுழற்சியே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிளவு, அண்டை அலைவுகளின் இடைவெளியை எட்டினால் இன்னும் சிக்கல்: எந்தக் கோடு எதனுடையது என்றே குழம்பும்.

மையம் மேற்பரப்பைவிடக் குறைந்தது 10 மடங்கு வேகம் என்று 2012இல் தெரிந்தது. கோட்பாட்டு மாதிரிகள் எதிர்பார்த்ததோ அதைவிட மிக அதிகம்.