பழைய அம்பாசிடர் பின்னால் ஒருபக்கம் சாய்ந்தால்

சார், தர்மபுரியிலிருந்து கேட்டிருந்தீங்க: பழைய அம்பாசிடர், பின்னால் இடதுபக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கு, ஷாக் அப்சார்பர் மாத்தியும் சரியாகலைன்னு. ஆகாது. எடையைத் தாங்குறது பட்டை, அதாவது பின் ஆக்சில் மேல அடுக்கியிருக்கிற லீஃப் ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை மட்டும்தான் அடக்கும்.

முதல்ல சமதளத்துல டிக்கியைக் காலி பண்ணி, பின் டயர் காற்றைச் சமமா வைச்சு, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை ரெண்டு பக்கமும் அளங்க. பின் சக்கரங்களுக்குக் கல் வைச்சு, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கி மறுபடி அளங்க. பின்பக்கம் சமமாயிட்டா குற்றம் முன்னால, முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கா வேலை செய்யுற முறுக்குக் கம்பியில் (டார்ஷன் பார்). பட்டையைத் தொடவே வேண்டாம்.

சாய்வு மாறலைன்னா பட்டையை ஆக்சிலோட பிடிச்சிருக்கிற யு-போல்ட்டைக் கழற்றிடுங்க. பட்டை பெரும்பாலும் அடுக்குகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் துளையிலதான் விரிசல் விடும். கிளாம்ப் மறைக்கிறதால வெளியே தெரியாது. அந்த போல்ட் அறுந்திருந்தா ஆக்சிலே நகரும். அப்படியே தொப்பூர் கணவாய் இறங்கிடாதீங்க, தயவுசெய்து. பட்டை முனையைச் சட்டத்தோட இணைக்கிற ஷேக்கிளின் ரப்பர் புஷ், அதைத் தாங்குற இடத்துல துரு, ரெண்டையும் பாருங்க.

பட்டறையில பட்டைக்கு வளைவு ஏத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்து ஏத்துங்க. யு-போல்ட் புதுசுதான் போடணும். புஷ் போல்ட்டை வண்டி தரையில நின்ன பிறகே இறுக்குங்க, இல்லைன்னா ரப்பர் முறுக்கிக் கிழியும். 500 கி.மீ. ஓடினதும் யு-போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிடுங்க.