மும்பை லோக்கல் ரயிலின் பாதுகாப்பைச் சோதிப்பது யார்?

"ரயில்வேயின் தவறை ரயில்வேயே விசாரித்தால் உண்மை வெளியே வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டுங்கா ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கும்போது எனக்கும் வந்த சந்தேகம்தான்.

லோக்கலை ஓட்டுவது மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும். இரண்டுமே ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஆனால் சோதனை போடும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் இருப்பது எங்கே தெரியுமா? விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில்! ஓட்டுபவரும் சோதிப்பவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது என்று 1941-லேயே பிரித்துவிட்டார்கள்.

புதுப் பாதை போட்டால் தண்டவாளம், பாலம், சிக்னல் எல்லாவற்றையும் இவர் நேரில் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பயணிகள் வண்டி ஓடும். ரயில் மோதியோ தடம் புரண்டோ பயணிகள் இறந்தால், 1989 ரயில்வே சட்டப்படி இவர் விசாரிப்பார். ஆனால் விசாரித்து முடித்து இவர் தருவது பரிந்துரைதான், உத்தரவு இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

அப்புறம், தாதரில் ஏறும்போது போன் பறிபோனால் ஆணையருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளாட்பாரத்தில் இரண்டு வகை போலீஸ் நிற்பார்கள். ஆர்பிஎஃப், அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை, மத்திய அரசுடையது. திருட்டுக்கு எஃப்ஐஆர் போடுவது ஜிஆர்பி, அதாவது மாநில அரசின் ரயில்வே போலீஸ். நான் முதல்முறை தப்பான கதவைத்தான் தட்டினேன்.

மும்பை நகருக்குள் ஓடும் பெஸ்ட் பஸ் பற்றிய புகாரா? அது மாநகராட்சியின் நிறுவனம். ரயில்வேக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.